அழைக்கத் தெரியாத சமுதாயமா நாம்?

தொலைபேசி, துரை வீட்டுப் பொருளாக இருந்த காலம் ஒன்று உண்டு. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். துரையின் பங்களாவில் ஒன்று, அலுவலகத்தில் கிராணியின் மேசைமீது ஒன்று. தோட்டம் முழுவதற்கும் அவ்வளவுதான். லயத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஓர் இளைஞன் தண்டல் வீட்டுக்கு ஓடுவான். தண்டல் எழுந்து டிரெசரை எழுப்புவார். டிரெசர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினால் கிராணியிடம் போகவேண்டும். கிராணி துரையிடம் சொன்னால் லாரி புறப்படும். உயிருக்கும் உதவிக்கும் இடையே நான்கு மனிதர்கள் நின்றார்கள். அந்த நால்வரில் ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் நோயாளி காத்திருக்க வேண்டியதுதான். பலர் காத்திருக்க இயலாமல் கண்ணை மூடினார்கள்.

இன்று அந்த நால்வரும் வழியில் இல்லை. பால்வெட்டிப் பிழைத்தவரின் பேரப்பிள்ளை கையிலும் கைப்பேசி இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே அவசர இலக்கம் 999 என்று அரசாங்கம் வகுத்து வைத்திருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. இரவு பகல் என்ற வேறுபாடும் இல்லை. ஆயினும், நம்மவர் வீட்டில் ஆபத்து நேரும்போது அந்த மூன்று எண்களை அழுத்தும் விரல் அரிதாகவே இருக்கிறது. நால்வரும் போய்விட்டனர், நால்வரைத் தேடி ஓடும் பழக்கம் மட்டும் போகவில்லை. இதுவே என் குற்றச்சாட்டு. இதில் அரசுக்கும் ஒரு பங்கு உண்டு; அதைப் பின்னர்ச் சொல்வேன். முதற்பங்கு நம்முடையது.

ஓர் இரவில் கண்டது

நான் வாழும் டெங்கில், லங்காட் ஆற்றை ஒட்டிய பழைய சிற்றூர். ஒருபுறம் புத்ராஜெயா, மற்றொருபுறம் சைபர்ஜெயா, சற்றே தள்ளி 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பன்னாட்டு விமான நிலையம். இன்று அமைச்சுகள் நிமிர்ந்து நிற்கும் புத்ராஜெயா மண் ஒரு காலத்தில் பிராங் பெசார் என்னும் ரப்பர்த் தோட்டம். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயப் படையினர் சிலர் தொடங்கிய தோட்டமாதலால் 'பெரும்போர்' என்று பொருள்படும் அப்பெயர் அதற்கு வாய்த்தது. 1990களில் நிர்வாகத் தலைநகரை அமைக்கும் பணி தொடங்கியபோது, அத்தோட்டத்தையும் அதன் அண்டைத் தோட்டங்களையும் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. தரைவீடு கேட்டு அம்மக்கள் நடத்திய நெடிய போராட்டம் நாடறிந்தது. அது தனியே எழுதவேண்டிய வரலாறு. நான் இங்குச் சொல்ல வந்தது, லயத்திலிருந்து மாடிக்கு மாறிய நம் மக்கள் அனைவருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றி.

லயத்தில் வாழ்ந்தபோது முகவரி தேவைப்படவில்லை. 'மூன்றாம் லயம், கோயில் பக்கத்து வீடு' என்றால் தோட்டம் முழுவதற்கும் தெரியும். மாடி வீட்டுக்கோ கட்டட எண், தளம், கதவு எண், சாலைப் பெயர், தாமான் பெயர் என்று ஐந்து அடையாளங்கள் வேண்டும். இந்த ஐந்தையும் தடுமாறாமல் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்?

சில ஆண்டுகளுக்கு முன் என் குடியிருப்பில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டா. இளமை முழுவதும் பால்மரக் காட்டில் உழைத்த பெரியவர் ஒருவருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு வலி வந்தது. உடம்பெல்லாம் வியர்வை. மனைவியார் கிள்ளானில் இருக்கும் மூத்த மகனை அழைத்தார். அவன் தூக்கத்தில் இருந்தான். இளைய மகனை அழைத்தார். அவன் இரவு வேலையில் இருந்தான். அவன் காஜாங்கில் இருக்கும் மைத்துனனை அழைத்துக் காரை எடுத்துவரச் சொன்னான். அதற்குள் அண்டை வீட்டார் கூடிவிட்டனர். ஒருவர் உள்ளங்காலில் தைலம் தேய்த்தார். ஒருவர் சுடுநீர் கொடுத்தார். கோயில் தலைவரிடம் வேன் இருக்கிறது, அவரை எழுப்பலாம் என்றார் இன்னொருவர். ஓசை கேட்டு நான் மேலே ஏறிச்சென்றபோது மணி மூன்று நாற்பது.

"999ஐ அழைத்தீர்களா?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். "அது போலீசுக்கு அல்லவா?" என்றார் ஒருவர்.

நான் அழைத்தேன். உடனே எடுத்தார்கள். எங்கே என்று கேட்டார்கள். ஏடுகளுக்குக் கட்டுரை எழுதுகிறவன், மேடையில் மணிக்கணக்கில் பேசுகிறவன், என் குடியிருப்பின் சாலைப் பெயர் நாவில் வராமல் நின்றேன். பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், பள்ளியில் கடிதம் எழுதப் பழகியதால் போலும், முழு முகவரியையும் எடுத்துச் சொன்னான். நான் அதைத் திருப்பிச் சொன்னேன்.

மருத்துவ வண்டி வந்தது. அது வந்துசேர எடுத்துக்கொண்ட நேரம், அதை அழைக்காமல் நாங்கள் வீணாக்கிய நாற்பது நிமிடத்தைவிடக் குறைவு. பெரியவர் பிழைக்கவில்லை. முன்பே அழைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை மருத்துவர்தாம் சொல்ல முடியும். நான் சொல்ல மாட்டேன். ஆனால், அந்த நாற்பது நிமிடம் எங்களுடையது. அதற்கு எந்த அலுவலகத்தையும் நாங்கள் பழிக்க முடியாது.

நேரத்தின் விலை என்னவென்று மருத்துவம் அறுதியிட்டுக் கூறியிருக்கிறது. இதயம் நின்றுபோன ஒருவருக்கு மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டும் முதலுதவி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும், அவர் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 பங்குவரை குறைத்துவிடுகிறது. மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக் கைகால் விழுந்தவருக்கு, அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். விடியட்டும், பிள்ளைகள் வரட்டும் என்று படுக்கவைத்திருக்கும் நம் குடும்பங்கள் எத்தனை! விடிகிறது, பிள்ளைகளும் வருகிறார்கள். மருந்துக்கு உரிய நேரம் மட்டும் போய்விடுகிறது.

இலக்கம் பிறந்த கதை

இந்த 999 என்னும் இலக்கம் யாரோ ஓர் அதிகாரி பொழுதுபோக்காக எழுதி வைத்ததன்று. அதன் பிறப்பிலும் ஒரு சாவு வீடு இருக்கிறது. 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டன் மாநகரில் விம்போல் தெருவில் ஒரு மருத்துவர் வீடு தீப்பற்றி எரிந்தது. எதிர்வீட்டுக்காரர் தொலைபேசியை எடுத்தார். இணைப்பகத்தில் எல்லா அழைப்புகளும் ஒரே வரிசையில் நின்றன. தீ விபத்தென்று சொல்ல வந்தவரும், நண்பரிடம் நலம் விசாரிக்க வந்தவரும் ஒரே வரிசையில் காத்திருந்தனர். ஐந்து பெண்கள் அத்தீயில் மாண்டனர். மனம் பொறாத அந்த எதிர்வீட்டுக்காரர் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் கேள்வியாயிற்று, கேள்வி குழுவாயிற்று. 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இலண்டனில் 999 நடைமுறைக்கு வந்தது. புகையிலும் இருளிலும் விரலால் தடவியே கண்டுபிடிக்கக்கூடிய எண்ணாக இருக்கவேண்டும் என்பதும் அதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

எழுத்தாளர்களாகிய நாம் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஓர் அண்டை வீட்டுக்காரர் எழுதிய ஒரு கடிதம், ஒரு நாட்டுக்கு அவசர இலக்கத்தைப் பெற்றுத் தந்தது. நாமோ அண்டை வீட்டில் சாவு விழுந்தால் இரங்கற்பா எழுதுகிறோம்.

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்து ஹேலிவில் என்னும் சிற்றூரில் 911 முதன்முதலாக ஒலித்தது. ஐரோப்பிய நாடுகள் 1991ஆம் ஆண்டில் 112ஐத் தமக்குப் பொது இலக்கமாக ஏற்றுக்கொள்ள முடிவு செய்தன. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டில் 108 என்னும் இலவச மருத்துவ வண்டிச் சேவை தொடங்கியது. அங்கு அந்த இலக்கம் ஒரு சொல்லாகவே மாறிவிட்டது. 'நூற்றெட்டைக் கூப்பிடு' என்று எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் சொல்கிறார். சேவையின் முழுப்பெயர் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. இலங்கையில் 2016ஆம் ஆண்டில் இந்தியாவின் கொடையுடன் தொடங்கிய 1990 சேவை, பின்னர் வடக்குத் தமிழர் வாழும் ஊர்களுக்கும் பரவியது.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டுவரை ஒவ்வோர் ஆபத்துக்கும் ஓர் இலக்கம் இருந்தது. போலீசுக்கும் மருத்துவ வண்டிக்கும் 999, தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புப் படைக்கு 991. அவ்வாண்டில் இவை அனைத்தும் 999 என்ற ஒரே குடைக்கீழ்க் கொண்டுவரப்பட்டன. போலீஸ், நாம் பொம்பா என்றழைக்கும் தீயணைப்பு மீட்புத்துறை, சுகாதார அமைச்சின் மருத்துவமனைகள், பொதுத் தற்காப்புப் படை, கடல்சார் அமலாக்க நிறுவனம் ஆகிய ஐந்து துறைகளுக்கும் அதுவே வாயில். கைப்பேசியில் 112ஐ அழுத்தினாலும் அழைப்பு அங்கேதான் போய்ச் சேரும். முதலில் எடுப்பவர், எந்த உதவி, எந்த இடம் என்று கேட்டறிந்து உரிய துறைக்கு இணைப்பார்.

ஆண்டுகள் பல கடந்துவிட்டன. 'அது போலீசுக்கு அல்லவா?' என்ற கேள்வி நம்மிடையே இன்னும் கடக்கவில்லை.

சொல்லப்படும் காரணங்கள்

அழைக்காமைக்கு நம்மவர் கூறும் காரணங்களை நான் கேட்டிருக்கிறேன். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

'அழைத்தால் உடனே வரமாட்டார்கள்' என்பது முதற்காரணம். சில வேளைகளில் தாமதம் நேர்வது உண்மையே. நகர நெரிசலும், வண்டிகளின் பற்றாக்குறையும் யாரும் மறுக்கக்கூடியவை அல்ல. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்தபோது டெங்கிலும் நீரில் நின்றது. இணைப்புக் கிடைக்கவில்லை, மீட்புப் படகு வரவில்லை என்ற மனக்குறை அப்போது எங்கும் எழுந்தது; மக்கள் முகநூலிலும் புலனத்திலும் உதவி கேட்டு எழுதினர். இதையெல்லாம் அறிந்தே சொல்கிறேன்: அழைத்தால் வரும் வண்டி தாமதமாகலாம், அழைக்காத வண்டி ஒருபோதும் வராது. உறவினர் கார் வேகமாக வரலாம். ஆனால் அதில் உயிர்வளி இல்லை. நாடி பார்க்கப் பழகிய கை இல்லை. சாலையில் வழிவிடச் செய்யும் ஒலியும் இல்லை. மேலும், அழைப்பு என்பது பதிவு. இத்தனை மணிக்கு அழைத்தோம், இத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று கேட்பதற்கு நம் கையில் உள்ள சான்று அதுவே. அழைக்காதவன் குறைகூறலாம், கணக்குக் கேட்க முடியாது.

'எனக்கு மலாய்மொழி சரளமாக வராது' என்பது இரண்டாவது. தொலைபேசியில் இலக்கணப் பிழை பார்ப்பதற்கு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சில சொற்கள் போதும். நெஞ்சுவலிக்குச் 'சாகிட் டாடா'. மூச்சுத்திணறலுக்குச் 'செசாக் நாபாஸ்'. நினைவிழந்தவருக்குத் 'தீடாக் செடார்'. தீ விபத்துக்குக் 'கெபாக்காரான்'. சந்தையில் மீன் விலை பேச மலாய் தெரிந்த நமக்கு, உயிர் போகும்போது இந்த நான்கு சொற்கள் தெரியக்கூடாதா? கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

'வீண் வம்பு எதற்கு? போலீஸ் வந்தால் சாட்சி சொல்ல அலைய வேண்டும்' என்பது மூன்றாவது. இதுதான் மிகவும் கொடியது. பக்கத்து வீட்டில் குடித்துவிட்டு வந்தவன் மனைவியை அடிக்கிறான், அலறல் கேட்கிறது. நாம் தொலைக்காட்சியின் ஓசையைக் கூட்டிவைக்கிறோம். 'அது அவர்கள் குடும்ப விவகாரம்' என்கிறோம். மறுநாள் அவள் முகத்தில் வீக்கத்தைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்கிறோம். அந்த இரக்கம் யாருக்கு வேண்டும்? அலறல் கேட்ட அந்த நிமிடத்தில் 999ஐ அழைப்பவனே அண்டை வீட்டான். உடனடி ஆபத்து இல்லாத வேளையில் ஆறுதலும் வழிகாட்டலும் பெற 15999 என்னும் காசே உதவி இணைப்பும் உண்டு என்பதை நம் பெண்களுள் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

நான்காவது காரணத்தை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை, நான் சொல்கிறேன். நாம் மனிதர்களை நம்பப் பழகியவர்கள். அமைப்புகளை நம்பப் பழகவில்லை. தோட்டத்தில் தண்டலை நம்பினோம். தாமானில் தலைவரை நம்புகிறோம். சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் எண் நம்மிடம் இருக்கிறது. கோயில் செயலாளரின் எண் இருக்கிறது. யாரையாவது தெரிந்திருந்தால்தான் காரியம் நடக்கும் என்ற எண்ணம் நம் குருதியில் ஊறிவிட்டது. 999 யாரையும் தெரிந்திருக்கச் சொல்லவில்லை. அமைச்சருக்கும் அதுவே, அலுவலகத் துப்புரவாளருக்கும் அதுவே. சிபாரிசு வேண்டாத ஒரு வாயில் நமக்குத் திறந்திருக்கும்போது, நாம் சிபாரிசைத் தேடிப் புழக்கடைக்குப் போகிறோம்.

வீண் அழைப்பு என்னும் குற்றம்

அழைக்க வேண்டியபோது அழைக்காதது ஒரு குற்றமென்றால், வேண்டாதபோது அழைப்பது அதனினும் பெரிய குற்றம். 999க்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி குறும்பு அழைப்புகளும், கைதவறி விழும் அழைப்புகளும், அவசரமில்லாத கேள்விகளுமே என்று அதிகாரிகள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். குழந்தை அழுகிறதென்று பழைய கைப்பேசியை விளையாடக் கொடுக்கிறோம். அட்டை இல்லாத கைப்பேசியிலிருந்தும் அவசர அழைப்புப் போகக்கூடும் என்பதை அறியாமல் கொடுக்கிறோம். இளைஞர் சிலர் நண்பர்களைச் சிரிக்கவைக்க அழைக்கின்றனர். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவின்கீழ் இத்தகைய செயலுக்கு அபராதமும் சிறையும் உண்டு. ஆனால் சட்டத்துக்கு அஞ்சித்தானா இதை விடவேண்டும்? அங்கே ஒருவர் குறும்புக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில், கேமரன் மலைச்சாலையில் கவிழ்ந்த பேருந்திலிருந்து ஒருவர் அழைத்துக்கொண்டிருக்கலாம். இலண்டனில் ஐந்து பெண்களைக் கொன்ற வரிசையை, நாம் விளையாட்டாக மீண்டும் உண்டாக்குகிறோம்.

தண்ணீர்க்குழாய் உடைந்தால், மின்சாரம் போனால், வீட்டில் பூனை தொலைந்தால் 999 வேண்டா. அவற்றுக்கு உரிய அலுவலகங்கள் வேறு. உயிருக்கோ, உடைமைக்கோ, பாதுகாப்புக்கோ இந்த நொடியில் கேடு என்றால் 999. இந்த ஒரு வரம்பு மனத்தில் இருந்தால் போதும்.

எங்கே என்று சொல்லத் தெரிய வேண்டும்

நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. இலக்கத்தை அறிந்திருப்பது பாதிதான். இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரிவது மறுபாதி. அறிவியல் எவ்வளவு முன்னேறினாலும், கருவி நம் கட்டடத்தைக் காட்டலாம். நான்காம் மாடியில் எந்தக் கதவு என்பதை நாம்தாம் சொல்லவேண்டும். ஆதலால் முதலில் சொல்ல வேண்டியது 'எங்கே' என்பது. இணைப்புத் துண்டிக்கப்பட்டாலும் வண்டி புறப்பட அது ஒன்றே போதும். அடுத்து, என்ன நேர்ந்தது என்பது. அடுத்து, எத்தனை பேர் என்பது. அவர்களுக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்பது. பின்னர், நம் தொலைபேசி எண். அவர்கள் போதும் என்று சொல்லும்வரை நாம் இணைப்பைத் துண்டிக்கலாகாது. அலறினால் அவர்களுக்குக் கேட்காது. அழுதால் அவர்களுக்குப் புரியாது. அழுகைக்கு நேரம் பிறகு கிடைக்கும்.

அழைத்தபின் ஓர் ஆளைக் குடியிருப்பின் வாயிலுக்கு அனுப்புங்கள். தாமானுக்குள் நுழையும் வண்டி, ஒன்றுபோலவே நிற்கும் கட்டடங்களிடையே சுற்றிச்சுற்றி வருவதை நான் கண்டிருக்கிறேன். மின்தூக்கி இருந்தால் அதைக் கீழே பிடித்து வையுங்கள். இன்னொன்று: நம் தாமான் சாலைகளில் இருபுறமும் கார்களை நிறுத்திவிட்டுத் தீயணைப்பு வண்டி நுழைய முடியவில்லையே என்று அங்கலாய்ப்பதில் பொருளில்லை. வழியை அடைத்தவர்களும் நாமே, வழிபார்த்து நிற்பவர்களும் நாமே.

அமைப்புகளும் அரசும்

நம் சமுதாயத்தில் சங்கங்களுக்குக் குறைவில்லை. கோயில் திருவிழா என்றால் கம்பத்துக்குக் கம்பம் பதாகை. அதில் தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் ஆகியோரின் புன்னகை முகங்கள். பிறந்தநாள் வாழ்த்துக்கு ஒரு பதாகை, பட்டம் பெற்றதற்கு ஒரு பதாகை. கோயில் மண்டபத்துச் சுவரில் நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். ஐம்பது வெள்ளி கொடுத்தவர் பெயரும் அதில் உண்டு. அந்தச் சுவரில் ஓர் ஓரத்தில் 999 என்று எழுதி, அதன்கீழ் அக்கோயிலின் முழு முகவரியையும் எழுதி வைத்த கோயில் ஒன்றையேனும் நான் கண்டதில்லை. தீமிதியின்போதும் காவடியின்போதும் ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால், 'எங்கே' என்ற கேள்விக்கு விடை அச்சுவரில் இருக்க வேண்டாமா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆத்திசூடி கற்கும் வயதிலேயே குழந்தை தன் வீட்டு முகவரியை மனப்பாடமாகச் சொல்லப் பழகட்டும். தொலைபேசியில் ஒருவர் கேட்பதுபோலவும் மற்றவர் விடையளிப்பதுபோலவும் வகுப்பில் நடித்துப் பார்க்கட்டும். அந்த இரவில் என்னைக் காப்பாற்றியவன் ஒரு பள்ளிச் சிறுவன் என்பதை நான் மறக்கவில்லை. குழந்தை கற்றால் அதன் பாட்டியும் கற்பாள்.

அரசின் பங்குக்கு வருகிறேன். ஒரே இலக்கம் என்று அறிவித்தது நன்று. ஆனால் அறிவிப்பு யார் காதில் விழுந்தது? மலாய்மொழியில் சுவரொட்டி ஒட்டினால் தோட்டத்து மூதாட்டிக்கு எட்டுமா? இலங்கையின் 1990 சேவை சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மும்மொழிகளிலும் அழைப்பை ஏற்கிறது. தமிழர் தலைமுறை தலைமுறையாய் உழைத்து உருவாக்கிய இந்நாட்டில், பதறிய நிலையில் தாய்மொழி ஒன்றே நாவில் வரும் ஒரு முதியவளின் அழைப்பைத் தமிழ் அறிந்த ஒருவருக்கு மாற்றிக்கொடுக்கும் உறுதியான ஏற்பாட்டைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. தேசிய மொழியை நாம் கற்கத்தான் வேண்டும், கற்கிறோம். எனினும், மயக்கத்தில் விழும் கிழவனின் மனைவியிடம் மொழித்தேர்வு நடத்துவது அரசின் நோக்கமாக இருக்க முடியாது. தமிழ் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் ஒரு நிமிடம் இதற்கு ஒதுக்கட்டும். மருத்துவ வண்டிகளின் எண்ணிக்கையை மக்கள்தொகைக்கு ஏற்பப் பெருக்கட்டும். இவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையை நிலைநாட்ட முதல்வழி, இருக்கும் சேவையைச் செவ்வனே பயன்படுத்துவதுதான்.

இறுதியாக

இக்கட்டுரையைப் படித்து முடித்தவர்கள் ஒரு சிறு வேலை செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு தாளை எடுங்கள். மேலே 999 என்று பெரிதாக எழுதுங்கள். அதன்கீழ் உங்கள் கதவு எண், தளம், கட்டடம், சாலை, தாமான், ஊர் ஆகியவற்றை எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள், மலாய்மொழியிலும் எழுதுங்கள். அருகிலுள்ள பள்ளியையோ கோயிலையோ அடையாளமாகக் குறியுங்கள். வாயிற்கதவின் உட்புறத்தில், வீட்டின் மிக வயதானவரும் மிக இளையவரும் பார்க்கும் உயரத்தில் ஒட்டி வையுங்கள். பக்கத்து வீட்டில் தனியே வாழும் முதியவர் இருந்தால் அவர் வீட்டுக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பெரியவரின் காரியம் முடிந்த மறுவாரம் நான் அவ்வாறு எழுதி என் வீட்டில் ஒட்டினேன்; அவர் மனைவியாரிடமும் ஒரு தாளைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா, தம்பி?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான், அம்மா" என்றேன். வேறு சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இன்னொரு வீட்டில் இன்னொரு தாய் இதே கேள்வியைக் காலங்கடந்து கேட்கும் நிலை வரலாகாது. அதற்காகவே எழுதுகிறேன்.